பட்டியலில் பதினான்காம் வரி

கொய்யாமலைப் பாடசாலை மண்டபம்,
பார்ன்வெல் தோட்டம்,
நோட்டன் பிரிட்ஜ்.
02.07.2024

அன்புள்ள தம்பி பிரதீபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் சர்மிளாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஈரத்தில் கிடந்து பிள்ளைக்கு வந்த இருமல் குறைந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பதினாறாம் நாள் காரியத்தில் உன் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதுதான் கவலை.

கடிதம் வந்திருக்கிறதே என்று திகைக்காதே. என் போன் வீட்டோடு மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்தவர்களின் போனை வாங்கிப் பேசலாம்தான். ஆனால் இந்த மண்டபத்தில் பதினைந்து குடும்பம் பாய் விரித்துக் கிடக்கிறது. ஒருத்தி போன் பேசினால் எல்லோருக்கும் காது நீண்டுவிடும். எழுதினால் யாருக்கும் கேட்காது.

உன் மச்சான் போய் இன்றைக்கு இருபத்தொரு நாள். மழை கொஞ்சம் விட்டதென்று வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு வரச் சொன்னார்கள், நான் மலைக்குப் போனேன், பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், காலில் அட்டை கடித்த புண் என்று அவர் மட்டும் வீட்டில் இருந்தார். பகல் பதினொரு மணிக்குக் கீழ் லயத்து வரிசையில் இருந்த பத்துக் காம்பரா வீடுகளையும் மண் கொண்டுபோனது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறது எனக்கு.

இப்போது ஒரு விஷயம். ஆவணி முடியப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் வேண்டுமாம். எங்களையும் மேல் லயத்துக்காரர்களையும் சேர்த்து மேல் லயத்துக்கே போகச் சொல்கிறார்கள். மேல் லயம் அப்படியே நிற்கிறது, ஒரு ஓடுகூட நகரவில்லை. ஆனால் அதுவும் அதே மலையின் மடியில்தான் இருக்கிறது. சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போகலாமா, போகக் கூடாதா? நீ நெட்டில் பார்த்துச் சொல்.

பதிலைத் தோட்ட ஆபீசுக்குப் போடாதே. அங்கே தபால் பையிலேயே கிடக்கும். ராசம்மா கடை விலாசத்துக்குப் போடு.

உன் அக்கா
நாகலெட்சுமி


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
11.07.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சர்மிளாவின் இருமல் குறைந்தது அறிந்து ஆறுதல். நான் சுகமாக இருக்கிறேன், சாப்பாட்டுக்கும் குறையில்லை.

உங்கள் கையெழுத்தை எத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்! கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து மூன்று தரம் படித்தேன். எங்கள் கொமினிகேஷன் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். என் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத வார்த்தை தேட வேண்டியிருக்கிறது.

அக்கா, மண் சரிவதற்கு முன் நீங்கள் போனில் கேட்டீர்களே, அன்றைக்கு நான் பார்த்தேன். மச்சான் "கோயில் மண்டபத்துக்குப் போயிருவமா"ன்னு கேட்கிறார் என்று நீங்கள் சொன்னவுடனே பார்த்தேன். கண்ட கண்ட பேஸ்புக் பக்கத்தில் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிற அரசாங்க இணையத்தளத்திலேயே பார்த்தேன். பார்ன்வெல் தோட்டம் பட்டியலில் இல்லை. உங்களுக்கும் காட்ட வேண்டுமென்று அந்தப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? இல்லாத பெயரை நான் எப்படிச் சொல்வேன்?

ஆவணி விஷயம் பார்த்து எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு போன் வாங்கி ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா?

அன்புத் தம்பி
பிரதீபன்


பாடசாலை மண்டபம்
22.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போன் வேண்டாம். அதைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. அதைப் பற்றி இப்போது கேட்காதே.

போன கிழமை ஒரு கூத்து நடந்தது. நீர்கொழும்பிலிருந்து ஒரு வேன் நிறையப் பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். என்னைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு ஒரு பையை நீட்டினார்கள். உள்ளே சின்னக் கவுன் இரண்டு, ஒரு பால்மா பெட்டி. "நம்ம வீட்டுல அவ்வளவு சின்னப் புள்ளைங்க இல்லீங்களே" என்றேன். ஒருவர் போனைத் திறந்து காட்டினார். நான் மண்மேட்டில் உட்கார்ந்து அழுகிற படம். யார் எடுத்ததென்று தெரியாது. கீழே, கணவனையும் இரண்டு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்த தாய் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற சர்மிளாவை யாரும் பார்க்கவில்லை. நான் பெறாத இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போனார்கள்.

கவுனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான்தான் ஏமாற்றியது போல ஆகிவிட்டது.

அதற்கு முந்தின வாரம் திலக்ஷன் என்ற பெடியனின் போனில் "மலை வெடிச்சிருச்சு" என்று ஒரு வீடியோ வந்தது. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று பேத்திகளோடு ஓடிய பேச்சியம்மா விழுந்து முட்டி உடைந்தது. பார்த்தால் அது வேறு நாட்டு மலையாம். இப்போது யார் என்ன சொன்னாலும் "போய் வேலையப் பாரு"ங்கிறார்கள். எனக்கு அதுதான் பயம். பொய்யைக் கேட்டுக் கேட்டு நிஜத்துக்கும் ஓட மாட்டார்கள்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. மேல் லயத்துக்குப் போகலாமா?

அக்கா


வெள்ளவத்தை
02.08.2024

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். பேச்சியம்மாவின் முட்டி எப்படி? உங்களுக்கு முழங்கால் வலி மறுபடி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் போட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். செய்தித்தளம் மாதிரி மேலே பெரிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், ஒன்றுமே இல்லை. செய்திக்கு நடுவே பல் வெள்ளையாகிற பசை விளம்பரம். நீங்கள் அழுதால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், இரண்டு பிள்ளையும் போனதென்றால் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான் கணக்கு. அதைப் பார்த்து வேறு நான்கு தளங்களும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கின்றன. ஐந்து இடத்தில் இருக்கிறதே, அப்போது உண்மைதான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஐந்தும் ஒரே வாய்தான் அக்கா. எடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை.

"கொய்யாமலையில் இனி அபாயம் இல்லை, மக்கள் வீடு திரும்பலாம்" என்றும் ஒரு பேஸ்புக் பக்கத்தில் பார்த்தேன். அரசாங்கத்தின் சின்னத்தை வைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அரசாங்கத்தின் பக்கம் இல்லை. எந்தத் தேதியில் யார் வந்து மலையைப் பார்த்தார்கள் என்று கேட்டுப் போட்டேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள். யாராவது அதைக் காட்டினால் நம்பாதீர்கள்.

இந்தத் தரம் நான் திரையைப் பார்த்துப் பதில் சொல்லப் போவதில்லை. புதன்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கே நேரில் போகிறேன். வரைபடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிரதீபன்


பாடசாலை மண்டபம்
14.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே எல்லோரும் இருக்கிற நிலையில் இருக்கிறோம். பேச்சியம்மா தடி ஊன்றி நடக்கிறார், வாய் மட்டும் முன்னைவிட நன்றாக ஓடுகிறது.

புதன் போய் அடுத்த புதனும் வந்துவிட்டது. உன் கடிதம் வரவில்லை. ராசம்மா கடைக்குத் தினம் சர்மிளாவை அனுப்புகிறேன்.

முப்பத்தோராம் தேதிக்குள் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மேல் லயத்துக்காரர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். அவர்களையும் சொல்லக்கூடாது. சொந்த அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் குடித்து இரண்டு மாதம் ஆகிறது. "ஒந் தம்பி கொழும்புல என்னா சொல்றாரு?" என்று ஆளுக்காள் கேட்கிறார்கள்.

உடனே எழுது.

அக்கா


வெள்ளவத்தை
21.08.2024

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அலுவலகத்துக்குப் போனேன். மேல் லயத்துக்குப் போகாதீர்கள். யார் சொன்னாலும் போகாதீர்கள். கோயிலுக்குப் பக்கத்து அறையைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பிரதீபன்


கோயில் மடப்பள்ளி அறை,
கொய்யாமலை
03.09.2024

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீர் குடி. கடைச் சாப்பாட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து.

நானும் பிள்ளையும் கோயில் அறைக்கு வந்துவிட்டோம். மற்றப் பதினான்கு குடும்பமும் மேல் லயத்துக்குப் போய்விட்டார்கள். "போகாதீங்க, தம்பி போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்று வாசலில் நின்று சொன்னேன். பேச்சியம்மா கேட்டார்: "ஏங்கிறதுக்கு என்னா எழுதியிருக்கு?" நான் உன் கடிதத்தை விரித்துத் தேடினேன். காரணம் என்று ஒரு வரி இல்லை. உடம்பு காய்ச்சல் என்று மட்டும் இருந்தது.

ஆனியில் இருக்கச் சொன்னாய், இருந்தோம். இப்போது போகாதே என்கிறாய். அன்றைக்கும் காரணம் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்காமல் தலையாட்ட என்னால் முடியாது. எதைப் பார்த்தாய்? யார் சொன்னார்கள்? ஒன்றுவிடாமல் எழுது. எனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அக்கா


வெள்ளவத்தை
10.09.2024

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் வந்ததே பொய்தான்.

அந்த அலுவலகத்தில் ஒரு சிங்களத் துரை இருந்தார். வயதில் சின்னவர், மரியாதையாக நாற்காலி போட்டார். பார்ன்வெல் தோட்டம் என்றேன். கணினியில் தேடினார், இல்லை. நோட்டன் பிரிட்ஜ், கொய்யாமலை என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு பெரிய வரைபடத்தைத் திறந்து, "நீங்களே காட்டுங்கள்" என்றார். ஆற்றைப் பிடித்துக்கொண்டு போய், கோயிலைக் கண்டுபிடித்து, நம் லயத்தின் மேல் விரலை வைத்தேன். அவர் அதை அழுத்தினார். சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. "மேக்க கில்ராய் நே" என்றார். இது கில்ராய் அல்லவா என்று.

வெள்ளைக்காரன் காலத்தில் கொய்யாமலை தனித் தோட்டமாம். கில்ராய் என்று பெயராம். பிறகு பார்ன்வெல்லோடு சேர்த்துவிட்டார்கள். நம் அடையாள அட்டையில் பார்ன்வெல். கடிதத்தில் பார்ன்வெல். தோட்டத் துரை முதல் எல்லோருக்கும் மூன்றாம் நம்பர் மலை. நமக்குக் கொய்யாமலை. கில்ராய் என்ற பெயரை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் நிலத்தின் பழைய வரைபடத்தில் அதுதான் இருக்கிறது, அவர்கள் பட்டியலும் அதை வைத்துத்தான்.

ஆனி மாதப் பட்டியலைக் கேட்டேன். எடுத்துத் தந்தார். பதினான்காம் வரியில் இருந்தது அக்கா. கில்ராய், சிவப்பு, உடனே வெளியேறவும். மண் விழுவதற்கு இரண்டு நாள் முன்பே போட்டிருக்கிறார்கள். கிராம சேவகருக்கும் தகவல் போயிருக்கிறது, பாதை அடைபட்டதில் அவரால் வந்து சேர முடியவில்லை. தளத்தில் பிழை இல்லை. தேதி சரி, இடம் சரி. அதே பட்டியலைத்தான் நானும் அன்றைக்குத் திறந்தேன். தேடும் பெட்டியில் பார்ன்வெல் என்று அடித்தேன், ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். கடையில் ஆறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். முழுவதும் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "அரசாங்க சைட்லயே பாத்துட்டேன், நம்ம பேர் இல்ல, பயப்படாதீங்க" என்று சொன்னேன். பெரிய ஆள் மாதிரி படமும் அனுப்பினேன்.

எந்தத் தளம் நல்லது, எது கெட்டது என்று முன்பு ஒரு கடிதத்தில் உங்களுக்குப் பாடம் எடுத்தேனே. நல்ல தளத்தில்தான் பார்த்தேன். அதில் நம் ஊரை என்ன பெயரால் எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. உங்களிடமாவது கேட்டிருக்கலாம்.

மச்சான் போக வேண்டும் என்றுதான் சொன்னார். நான்தான் இருக்க வைத்தேன். மேல் லயமும் அதே சிவப்புக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது, கோயில் அதற்கு வெளியே. இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்லியே காட்டுங்கள்.

பிரதீபன்


வெள்ளவத்தை
16.10.2024

அன்பு அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ராசம்மா அக்கா கடைக்குப் போன் போட்டேன். கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று சொன்னார்.

திட்டியாவது எழுதுங்கள். தீபாவளிக்கு வரட்டுமா? வர வேண்டாமென்றாலும் அதையே எழுதுங்கள்.

பிரதீபன்


கோயில் மடப்பள்ளி அறை
04.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

நானும் சர்மிளாவும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு நீ வராதது நல்லது. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டேன். இருபது நாளாக எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்குக் கிழிக்கப் போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்து நான் கோபப்பட்டு மௌனமாக இருந்தேன் என்று நினைக்கிறாய். இல்லை. கில்ராய் என்ற பெயரை நீ கேட்டதில்லை. நீ ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுத்ததும் கையில் ஒரு கடதாசித் துண்டு கொடுப்பார்கள். அதன் தலையில் இங்கிலீசில் ஒரு வார்த்தை அச்சடித்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தத் துண்டை மடியில் செருகியிருக்கிறேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அதன் முகம் தெரியும். முதல் எழுத்து, சுவரில் சாய்ந்து ஒரு காலை நீட்டி ஒரு கையைத் தூக்கின ஆள் மாதிரி இருக்கும்.

அன்றைக்கு நீ அனுப்பிய படத்தில் அந்த வார்த்தை இருந்தது. நான் பார்த்தேன்.

விரலால் பெரிதாக்கியும் பார்த்தேன். நம் மலைத் துண்டில் இருப்பது இங்கே எதற்கு என்று ஒரு நிமிடம் மனம் அடித்துக்கொண்டது. அப்புறம், படித்தவன் பார்த்து இல்லை என்கிறான், இங்கிலீசு எழுத்தே தெரியாத நான் என்ன கண்டேன் என்று போனை வைத்துவிட்டேன். கேட்டால் நீ சிரிப்பாய் என்றும் நினைத்தேன். இது பாதி உண்மைதான். மீதியையும் சொல்கிறேன். சர்மிளாவுக்கு அடுத்த வாரம் தவணைப் பரீட்சை. கோயில் மண்டபத்தில் ஐம்பது பேருக்கு நடுவில் போய்க் கிடக்க எனக்கு இஷ்டமில்லை. போக வேண்டாம் என்ற உன் சொல் எனக்கு வசதியாக இருந்தது. அதனால் நம்பினேன். உன் மச்சான் மறுபடியும் கேட்டார்: "நல்லாப் பாத்தியா புள்ள, போயிருவமா?" நான் சொன்னேன்: "தம்பியே பாத்துருச்சு, பேசாம படுங்க."

அதுதான் நான் அவரோடு கடைசியாகச் சண்டை போடாமல் பேசிய பேச்சு.

போனைத் தொட ஏன் மாட்டேன் என்கிறேன் என்று இப்போது புரிகிறதா? நீ ஒரு மாதம் மனதில் வைத்து வெந்தாய். நான் ஐந்து மாதமாக. நீ எழுதிய பிறகும் மறைத்தேன் பார், அதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லாப் பழியும் உன் தலையில் இருக்கட்டும் என்று சில நாள் எனக்குச் சுகமாகக்கூட இருந்தது.

உன் கடிதத்தை மேல் லயத்தாருக்குப் படித்துக் காட்டினேன். "அது பழைய மழைக்குப் போட்டது" என்றார்கள். நீ செய்த பிழையைச் சொன்னேன். நான் செய்ததைச் சொல்லவில்லை.

அக்கா


வெள்ளவத்தை
13.11.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைப் பின்கட்டில் நின்று படித்தேன். முதலாளி தோளில் கை வைத்து என்னவென்று கேட்டார், கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருமா என்று பார்த்தேன். கொஞ்சம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நாளில் போய்விட்டது. அழுதேன் அக்கா.

தினம் காலையில் கடையைத் திறந்ததும் கில்ராய் என்றுதான் முதலில் பார்க்கிறேன். நேற்று மஞ்சளாக மாறியிருக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், இன்னும் வெளியேறச் சொல்லவில்லை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம், கனமழை வரும் என்கிறார்கள். சிவப்பானால் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டேன், ராசம்மா அக்கா கடைக்குப் பேசுவேன். பார்க்கிற நேரத்தையும் படிக்கிற வரியையும் அப்படியே சொல்வேன். அதை நீங்கள் அங்கே மலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்ப்பது பாதிதான்.

பிரதீபன்


கோயில் மடப்பள்ளி அறை
02.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் பதினைந்து குடும்பமும். நீ சுகமா?

நீ ராசம்மா கடைக்குப் பேசிய அன்று ராசம்மா ஆட்டோ பிடித்து மழையில் நனைந்துகொண்டு மடுவத்துக்கே வந்துவிட்டாள். பகல் நிறுவை நேரம். "கில்ராய் செவப்பாம், பதினோராவது வரியாம், காலையில எட்டு மணிக்குப் போட்டதாம், ஒந் தம்பி சொல்லச் சொன்னிச்சு" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே கோயில் மண்டபத்துக்கு வாருங்கள் என்றேன். மடுவத் திண்ணையில் தடியோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒந் தம்பி பேச்சக் கேட்டுத்தானடி ஒம் புருசன் போனான்?"

கணக்கப்பிள்ளைகூட தராசைவிட்டுத் தலையைத் தூக்கினார். பிறகு சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்.

"தம்பி பேச்சக் கேட்டு இல்லங்க. எம் பேச்சக் கேட்டுத்தான் போனாரு. அன்னைக்கு வந்த படத்துல நம்ம துண்டுல இருக்கிற எழுத்து இருந்திச்சு. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மூட மாட்டேன். நீங்க என்னய அடிச்சாலும் சரி."

யாரும் அடிக்கவில்லை. நிலக்ஷி என்று புதிதாகப் பேர் பதிந்த பிள்ளை, பத்தாம் வகுப்புப் படித்தவள், மடியிலிருந்து துண்டை எடுத்து "கில்ராய்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எடுத்துப் பார்த்தார்கள். அழகம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடினாள். அதற்குப் பின்னால் மற்றவர்கள். பேச்சியம்மாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

நான்கு நாள் மண்டபத்தில் இருந்தோம். மழை அப்படிப் பெய்தது. கூரை ஒழுகி அரிசி நனைந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. போய்ப் பார்த்தோம். மேல் லயம் அப்படியே நிற்கிறது. மலையில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். மண் சரியவில்லை. பேச்சியம்மாவின் கோழி இரண்டை மட்டும் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அதிலிருந்து எனக்கு அர்ச்சனைதான். "சும்மா கெடந்தவங்கள எழுப்பிக் கொண்டாந்து நாலு நாளு கஷ்டப்படுத்திட்டா" என்கிறார்கள். அந்த வெடிப்பைக் காட்டினாலும் சிலர் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். உன் மச்சானைப் பற்றி நான் சொன்னதையும் சிலர் வேறு விதமாகப் பேசுகிறார்கள், அது காதில் விழுகிறது. விழட்டும். ஆறு குடும்பம் மட்டும் மேல் லயத்துக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டது. மற்றவர்கள் போய்விட்டார்கள், அடுத்த மழைக்கு மறுபடி வாசலில் நின்று கத்துவேன். நீ தினம் பார். பச்சையாக இருந்தாலும் பார்த்தேன் என்று எழுது.

பேச்சியம்மா என்னோடு பேசுவதில்லை. இன்று காலை கோயில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். பேச்சியம்மா பெரிய பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். சின்னது பக்கத்தில். பால்குடிப் பிள்ளை மடியில். என்னைக் கண்டதும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய பேத்தியும் அவரைப் பார்த்து அதே மாதிரி திருப்பிக்கொண்டாள். கோபப்பட இவர்கள் இருக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. அப்படிச் சந்தோஷமாக நான் இந்த வருடம் அழுததே இல்லை.

உன் அக்கா
நாகலெட்சுமி